மூன்றாம் ஜெனரல்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
மாசி 11, 2024

என் அன்புத் தம்பி பஸ்ரியனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகள் ஸ்டெபனியும் சுகம். முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குச் சொல்வழி கேட்குதில்லை. உன் சுகத்தை நீயாக எழுதினால்தான் உண்டு. மார்கழியிலிருந்து போன் எடுக்கிறேன், அடித்து அடித்து நிற்கிறது. நத்தார் பெருநாளுக்கு ஒரு மெசேஜ் போட்டாய், அதிலும் "சுகம்" என்று ஒற்றைச் சொல். கடிதத்துக்காவது வாய் திறப்பாயோ என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயில் பங்கு மன்றத்தின் நாட்டுக்கூத்துக்கு, ஐப்பசியில் வரும் தாங்ஸ்கிவிங் லோங் வீக்கென்டில் பள்ளிக்கூட மண்டபம் எடுத்தாயிற்று. இந்த முறை பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன வருசத்துக் கதையையே திரும்பப் போட்டால் சனம் பாதியில் எழும்பி றோல்ஸும் ரீயும் வாங்கப் போய்விடும். புதுக்கதை வேண்டும். சண்டை இருக்க வேண்டும், கண்ணீர் இருக்க வேண்டும், நல்ல மனிசன் ஒருவன் இருக்க வேண்டும். எழுதித் தர உன்னை விட்டால் ஆளில்லை.

எழுதினால் மட்டும் போதாது, நீ வந்து பாட வேண்டும். அஜின்கோர்ட்டில் மீன் வாங்கப் போனாலும் யாராவது மறித்து, "பாட்டுக்காரப் பஸ்ரியன்ர அக்காவெல்லே, அவன் எப்ப வாறான்?" என்றுதான் கேட்கிறார்கள். என்னுடைய பெயரே அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

மாதா உன்னைக் காப்பாளாக.

அக்கா,
அருள்மலர்


வல்பிரே, பிரான்ஸ்
பங்குனி 3, 2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு நெடுநேரம் சிரித்தேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். நான் நல்லாயிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். போன் பழுது. கடிதம்தான் எனக்கு வசதி.

கதை என்றீர்கள். நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் சந்தைக்கு நடுவே ஒரு சிலை நிற்கிறது. ஜெனரல் அன்செல்ம் பெலார். நம் ஆட்கள் அன்சலம் என்று வைப்பார்களே, அதே பெயர். நெப்போலியனின் பீரங்கிப் படைத் தளபதிகளில் ஒருவர். வருகிற ஆடியில் அவர் பிறந்து இருநூற்றைம்பது வருசம் நிறைகிறதாம், அதற்கு ஒரு விழாக்குழு போட்டிருக்கிறார்கள்.

அவருடைய தகப்பன் கோயில் மணி வார்க்கிறவர். புரட்சிக் காலத்தில் கோயில் மணிகளை இறக்கி உருக்கிப் பீரங்கி செய்தார்கள். தகப்பன் வார்த்த மணி அப்படிப் போக, அதற்குப் பின்னாலேயே மகனும் பட்டாளத்துக்குப் போனான். சண்டைக்கு மேல் சண்டை வென்று ஜெனரல் ஆனான். ரஷ்யாவிலிருந்து தோற்றுத் திரும்பும்போது ஒரு ஆற்றங்கரையில் குதிரைகள் பட்டினியால் விழுந்துகொண்டிருந்தன. மிஞ்சிய குதிரைகள் பீரங்கியை இழுப்பதா, காயக்காரரை இழுப்பதா என்று கேள்வி வந்தது. பெலார் பீரங்கி எல்லாவற்றையும் ஆற்றுக்குள் தள்ளிவிட்டு வண்டிகளில் காயக்காரரை ஏற்றினார். பேரரசனுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு கிழவனாக ஊருக்கு வந்தார். வெடிச்சத்தத்தில் காது இரண்டும் போயிருந்தது. ஊர்க் கோயில் மணியைச் சாகும்வரை அவரே அடித்தாராம். அவருக்குத்தான் அது கேட்காது.

இந்த மனிசனைப் பாட்டில் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். முதல் பாகம் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். பாடுவதற்கு றொய்சன் இருக்கிறான்தானே.

மருமகளுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
பஸ்ரியன்


மோர்னிங்சைட்
சித்திரை 8, 2024

கள்ளத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் பாஸ்கு நல்லபடி கொண்டாடினோம். உனக்கும் உயிர்த்த ஆண்டவரின் ஆசீர் கிடைக்கட்டும்.

உன் கதையைக் கோயில் நிலவறையில் வைத்துக் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவர் எழும்பி, "பிரெஞ்சுக்காரனுக்கு நாங்கள் ஏன் கூத்துப் போட?" என்றார். "எங்கட அப்புமார் கூத்தில ஆடின ராசாக்களில எவன் எங்கட ஊர்காவற்றுறையில பிறந்தவன்?" என்று கேட்டேன். மனிசன் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

நம் வழக்கப்படி கதாநாயகனை மூன்று ஆட்களுக்குப் பிரித்தாயிற்று. மணி வார்ப்பவரின் மகன், அதாவது முதலாம் ஜெனரல், மிதுனன். இளம் பெடியன், நல்லாத் துள்ளுவான். சண்டைக்காரனான இரண்டாம் ஜெனரல் நம் றொய்சன். வீடு விற்கிற தொழிலல்லவா, குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்கும். கிழவனாக வரும் மூன்றாம் ஜெனரல் நீ. பெயரை எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று, இனி மாற்ற முடியாது.

மூன்று பேருக்கும் ராசா முடி செய்தாயிற்று. வெள்ளித்தாள், கண்ணாடிக்கல், மேலே மயிலிறகு. அப்படியொரு அழகு. ஸ்டெபனி அவற்றைப் படமெடுத்து உங்கள் ஊர் விழாக்குழுவுக்கே ஈமெயிலில் அனுப்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இமர்ஷனில் படித்தது இப்போதுதான் எனக்குப் பிரயோசனப்படுகிறது.

வருகிறேன் என்ற வரி உன் கடிதத்தில் எங்கேயும் காணவில்லை. கண்ணாடி போட்டும் தேடினேன்.

அன்புடன்,
அக்கா


வல்பிரே
வைகாசி 2, 2024

அன்பின் அக்கா,

நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் குறையில்லை. இங்கே வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

நீங்கள் அனுப்பிய படத்தால் இங்கே பெரிய கலவரம். விழாக்குழுத் தலைவி மதாம் லெக்லேர் அதை அச்செடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். ஜெனரல் ஏன் மூன்று பேர், தலையில் ஏன் கிரீடம் என்று கேட்டார். அக்கா, இந்த நாட்டுக்காரர் தங்கள் அரசனின் தலையையே வெட்டினவர்கள். பெலாரோ பேரரசன் கொடுத்த பட்டத்தையும் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவர். அவருடைய தலையில் நீங்கள் மயிலிறகு குத்தியிருக்கிறீர்கள்.

முடி இல்லாமல் வந்தால் நம் சனத்துக்கு அவர் நாயகன் என்று தெரியாது, ஆட்டக்காரருக்கும் கால் எழும்பாது என்பதை மதாமுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

யோசித்துப் பார்த்தேன். முடியோடு வரட்டும். முடியோடேயே சண்டை வெல்லட்டும். ஆற்றங்கரையில் பீரங்கியைத் தள்ளியதும் தன் கையாலேயே முடியைக் கழற்றிக் கீழே வைக்கட்டும். அதற்குப் பிறகு வெறுந்தலை. மதாமுக்கும் இது பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கான பாட்டை அனுப்புகிறேன்.

மூன்றாம் ஜெனரலுக்கு வேறு ஆள் பாருங்கள், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மோர்னிங்சைட்
ஆனி 10, 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று எழுதுகிறாய், நானும் நம்புகிறேன்.

முடி கழற்றுவதற்கு றொய்சன் முதலில் ஒத்துக்கொள்ளவேயில்லை. "முடி இல்லாட்டி சனம் என்னை வீடு விக்கிற றொய்சன் எண்டுதான் பாக்கும்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தான். போன சனிக்கிழமை ஒத்திகையில் ஒருபடியாகக் கழற்றிக் கீழே வைத்தான். மத்தளம் நின்றுவிட்டது. நம் மத்தளக்காரர் கந்தப்போடி அண்ணை, மட்டக்களப்பு ஆள், சைவ சமயம், வோபர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "இந்த இடத்தில மத்தளம் வாய் மூடணும் புள்ள" என்றார். அன்றிலிருந்து அந்த இடத்தில் அடியில்லை.

கூத்து எழும்பிவிட்டது, தம்பி. இப்போது குறை ஒன்றே ஒன்று. வேறு ஆள் பார் என்று எழுதினாயே, ஏன் என்று எழுதினாயா? பயணம் ஒத்துவராதா? வேலையில் விடமாட்டார்களா? என்னோடு கோபமா? ஏதாவது ஒன்றைச் சொல்லு. சொல்லாவிட்டால் ஸ்டெபனியைக் கொண்டு உன் மதாமுக்கே போன் எடுப்பேன். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

கடவுள் துணை.

அக்கா


வல்பிரே
ஆடி 16, 2024

அன்பின் அக்கா,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதீர்கள். சுகம்.

ஜெனரலின் விழா நடந்து முடிந்தது. நல்ல மழை. நகரபிதா குடைக்குள் நின்று பேசினார். சிலைக்கு ஒரு மலர்வளையம், ஒரு ஊதுகுழல், அவ்வளவுதான். வந்தவர்கள் சந்தைக் கூரைக்குக் கீழேயே அடங்கிவிட்டார்கள். மதாம் லெக்லேருக்குக் கண்ணெல்லாம் சிவந்துபோயிருந்தது. அவருடைய இரண்டு வருசத்து உழைப்பு அது.

மதாமுக்குப் போன் எடுக்க வேண்டாம்.

பஸ்ரியன்


மோர்னிங்சைட்
ஆடி 29, 2024

பஸ்ரியனுக்கு,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை.

எடுக்க வேண்டாம் என்று நீ எழுதியதை வாசித்த அன்றே எடுக்கச் சொன்னேன். ஸ்டெபனி ஸ்பீக்கரில் போட்டாள். மதாம் என்னவோ சொல்லச் சொல்லப் பிள்ளையின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. "மம்மி, மாமாக்கு லாஸ்ட் நவெம்பர் சேர்ஜரி நடந்ததாம். த்ரோட் கான்சர். வொய்ஸ் பொக்ஸை எடுத்திட்டினமாம். ஹீ கான்ட் டோக், மம்மி. சிலேட்டில எழுதித்தானாம் கதைக்கிறார்."

தனியாகப் போய்ப் படுத்துக் குரல்வளையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். ஒரு வாய் கஞ்சி வைத்துத் தர யாராவது இருந்தார்களா? நத்தாருக்குச் "சுகம்" என்று மெசேஜ் போட உனக்கு எப்படி மனம் வந்தது? அழுதேன், உன்னைத் திட்டினேன், திரும்ப அழுதேன். நோயை முழுக்க எடுத்தாயிற்று, இனி ஆபத்தில்லை என்று டொக்டர் சொன்னதாக மதாம் சொன்னாராம். அதனால் உன்னை உயிரோடு விடுகிறேன்.

இப்போது கேள். சுவரில் ஒட்டிய பெயரை நான் கிழிக்கவில்லை. நீ ஆடு, பாட்டை நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறேன். எனக்கு ஆம்பிளைக் குரல் என்று சின்னனில் நீதானே பழித்தாய். கூத்தில் பெண் பிற்பாட்டுப் பாடுகிற வழக்கமில்லை என்று இரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் ஆறாத,
அக்கா


வல்பிரே
ஆவணி 20, 2024

என் அக்காவுக்கு,

உங்களை அழவைத்துவிட்டேன். மன்னியுங்கள். உடம்பு உண்மையாகவே தேறிவிட்டது. கழுத்தில் ஒரு துவாரம், அதற்கு மேலே சால்வை. வயிறாரச் சாப்பிடுகிறேன்.

உங்களுக்குச் சொன்னால் அது நிசமாகிவிடும் என்று பயந்தேன். சொல்லாதவரைக்கும் ரொறன்ரோவில் எங்கேயோ ஒரு பாட்டுக்காரப் பஸ்ரியன் இருந்துகொண்டிருந்தான். அவனைப் பற்றிச் சனம் கேட்டுக்கொண்டிருந்தது. பாடாத பஸ்ரியன் யாரென்று எனக்கே தெரியாது, அக்கா. ஊமையாக மேடையில் ஏறி, "பாவம், எப்பிடிப் பாடினவன்" என்று சனம் இரக்கப்பட்டுக் கை தட்டினால் அந்த இடத்திலேயே நான் செத்துப்போவேன். அந்தக் கைதட்டலுக்காக நான் கடல் தாண்டி வரமாட்டேன்.

கடைசிப் பாட்டை அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் ஜெனரலின் பாட்டு. அந்த ஆற்றைக் கிழவன் திரும்ப நினைத்துப் பாடுவது:

பீரங்கி போனாலும் போகட்டுமே - என்
பிள்ளைகள் கரையேறி வாழட்டுமே

இதை நீங்கள் பாடுவீர்கள் என்று நினைக்க எனக்குச் சந்தோசமாயிருக்கிறது. வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

தம்பி,
பஸ்ரியன்


மோர்னிங்சைட்
புரட்டாதி 15, 2024

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறாய் என்று எழுதியது எனக்குப் போதும். இங்கே எல்லோரும் திடம்.

நேற்று வெள்ளுடுப்பு ஒத்திகை நடந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தி, முழுக்கூத்தையும் ஆடிப் பார்த்தோம். மூன்றாம் ஜெனரல் மேடைக்கு வரும் வரவுக் கட்டம் வந்தது. ஆளில்லை. வேறு யாரையும் நிறுத்த நான் விடவில்லை. கந்தப்போடி அண்ணை வரவுத் தாளத்தை அடித்துக்கொண்டேயிருந்தார். எவ்வளவு நேரம் அடிப்பீர்கள் என்று கேட்டேன். "ஆள் வரும் மட்டும் அடிப்பன் புள்ள" என்றார். வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு நான் உன் பாட்டைப் பாடினேன். றொய்சன் எழும்பி வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான்.

உன் சங்கதி ஆட்டக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சபையில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டோம். தெரியாதவர்கள் எப்படி இரக்கப்படுவார்கள்? நன்றாயிருந்தால் கை தட்டுவார்கள், இல்லையென்றால் எழும்பி றோல்ஸ் வாங்கப் போவார்கள். அவ்வளவுதான் உனக்குள்ள ஆபத்து. அதற்கும் துணிவில்லாவிட்டால் நீ என்ன ஆட்டக்காரன்?

முன்னறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


வல்பிரே
ஐப்பசி 27, 2024

அருமை அக்காவுக்கு,

சேமமாக வந்து சேர்ந்தேன். வழிக்குத் தின்ன நீங்கள் கட்டித் தந்த மீன் பணிசுக்கு விமான நிலையத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். கூத்து முடிந்த அன்றிரவு அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என்னை ஆக்கினைப்படுத்தினீர்கள், சிலேட்டில் எவ்வளவைத்தான் எழுதுவது. நீங்களோ பக்கத் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு பாடியவர். மேடையில் நின்ற நான் கண்டதை ஆறுதலாக எழுதுகிறேன், இருந்து வாசியுங்கள்.

மிதுனன் துள்ளிய துள்ளலுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்றார்கள். அதை விடுங்கள். வீடு சூடாக்கும் ஃபேர்னஸ் தகரக் குழாயில் செய்த பீரங்கியை றொய்சன் மேடையிலிருந்து உருட்டித் தள்ளியபோது சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் முடியைக் கழற்றினான், மத்தளம் நின்றது, காயக்காரரைத் தூக்கித் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கீழே இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு மூன்று ஆண்கள் எழும்பி நின்றுவிட்டார்கள். வண்டியில் காயக்காரரை ஏற்றுவது என்னவென்று நம் சனத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு என் வரவு. கந்தப்போடி அண்ணை தாளத்தைத் தொடங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கால் தானாக எழும்பியது, அக்கா. முதல் அடி வைத்ததுமே பழைய ஆட்கள் கண்டுகொண்டார்கள். "பஸ்ரியன், பஸ்ரியன்" என்று பின்னுக்கிருந்து சத்தம். நீங்கள் பாட்டை எடுத்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் என் வாய் அசைந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது வருசம் பாடியதைப் போலத்தான் இருந்தது. அந்த நேரம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"பீரங்கி போனாலும் போகட்டுமே" என்று இரண்டாம் தரம் நீங்கள் எடுத்தபோது முன்வரிசை சேர்ந்தது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அது ஒத்திகையில் இல்லாதது. முழுச் சபையும் எழும்பிவிட்டது. கிழடு கட்டைகள், தமிழ் சரியாக வராத பிள்ளைகள், கதவடியில் நின்ற செக்யூரிட்டிக்காரன் உட்பட எல்லோரும் கை தட்டித் தட்டிப் பாடினார்கள். "என் பிள்ளைகள் கரையேறி வாழட்டுமே" என்று திரும்பத் திரும்பப் பாடினார்கள், விடவேயில்லை. அக்கா, உங்களுடைய குரல் அதற்குள் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். நான் அழவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன், வென்றவன்போல.

இங்கே நகரசபை மண்டபத்தில் மதாம் லெக்லேர் திரை கட்டி அதை நேரலையில் காட்டியிருக்கிறார். ஆடி மழையில் வராத சனமெல்லாம் நடுச்சாமத்தில் வந்ததாம், முடிவில் எழும்பி நின்றதாம். ஏன் மூன்று ஜெனரல் என்று இப்போது அவர் கேட்பதில்லை. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கலாம் என்கிறார்.

முழங்காலைக் கவனியுங்கள். ஸ்டெபனிக்கும் கந்தப்போடி அண்ணைக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். றொய்சனுக்குச் சொல்ல வேண்டாம், அவனுடைய கால் ஏற்கெனவே நிலத்தில் இல்லை.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். கூத்து முடிந்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சந்தியோகு அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஊரில் நான் பாடிய கூத்து ஒன்றையும் விடாதவர். அந்தக் காலத்தில் ஒரு முறைகூட நல்லது என்று சொல்லாதவர். என் இரண்டு கையையும் பிடித்தார். "டேய் பஸ்ரியன், உன்ர பாட்டு எவ்வளவு கேட்டிருப்பன். இண்டைக்குப் பாடினாய் பார், இதுக்கு முந்தி நீ இப்பிடிப் பாடினதே இல்லையடா" என்றார். உண்மையைச் சொல்லச் சிலேட்டை எடுத்தேன், அக்கா. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் புகழை நாம் இரண்டு பேரும் பங்குபோட்டுக்கொள்வோம். பெரிய பங்கு எனக்கு.

உங்கள் தம்பி,
பஸ்ரியன்